நாவல் பழம்: அம்மாவின் சர்க்கரைக்கும் அடுப்படிக்கும்

அழகர்கோயிலுக்குப் போன இடத்தில் நாவல் பழம் மலிவாகக் கிடைத்ததென்று மூன்று படி வாங்கி வந்துவிட்டீர்கள். அம்மாவுக்கு ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பக்கத்து வீட்டுப் பெரியவர், "கொட்டையைக் காயவைத்துப் பொடித்துக் கொடு, மாத்திரையே வேண்டியதில்லை" என்று சொல்லியிருக்கிறார். பழத்தை எவ்வளவு சாப்பிடலாம், கொட்டைப் பொடி பலிக்குமா, மிச்சத்தை வைத்து என்ன சமைக்கலாம், கொட்டையை நட்டால் முளைக்குமா என்று நான்கு கேள்விகளை அடுக்கியிருக்கிறீர்கள். ஆனால் அவற்றுக்குள்ளே ஒளிந்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: அம்மா மாத்திரையை நிறுத்தலாமா? நிறுத்தக் கூடாது. இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. மற்ற கேள்விகளுக்கு இப்படி ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனையியல் படித்து, உணவியலில் பயிற்சி பெற்று, மதுரையில் நீரிழிவுக்காரர்களுக்கு உணவுத் திட்டம் எழுதித் தருவது என் தொழில். மருத்துவர் அல்ல, மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை அல்ல. சித்த மருத்துவமும் முறைப்படி கற்றதில்லை. பழத்துக்குள் என்ன இருக்கிறது, அடுப்பில் ஏற்றினால் அது என்ன ஆகும், தட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பவை வரை என் பேச்சை நம்பலாம்.

நாவல் நம் மண்ணின் மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும், இலையுதிர் காடுகளிலும், ஓடைக்கரைகளிலும் தானாக வளர்வது. கிராம்பு இதற்கு மிக நெருங்கிய உறவு, கொய்யா சற்றுத் தள்ளிய உறவு. ஆஸ்திரேலியாவின் மழைக்காடுகளிலும் இதே பேரினத்தைச் சேர்ந்த சின்னச் சிவப்புப் பழம் ஒன்று உண்டு. அங்கே அதை ஜாமாகவும் இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறாகவும் ஆக்குகிறார்கள். நம் பக்கத்தில் ஆனி பிறந்ததும் வண்டிகளில் குவியத் தொடங்கி, ஆவணியோடு வரத்து ஓய்ந்துவிடும். மாட்டுத்தாவணிச் சந்தையில் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கும் பெரிய, நீண்ட பழம் பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. அதில் சதை அதிகம், இனிப்பும் அதிகம். மலையடிவாரத்தில் கூடையோடு உட்கார்ந்திருப்பவர்கள் உழக்கால் அளந்து தரும் சிறிய உருண்டைப் பழம் நாட்டு நாவல். அதில் கொட்டை பெரியது, துவர்ப்பு கூடுதல். கீழே நான் எழுதும் சமையல் குறிப்புகளுக்கு இந்த நாட்டுப் பழமே பொருத்தம்.

பழமுதிர்சோலையில் முருகன் ஔவையிடம் சுட்ட பழமா, சுடாத பழமா என்று கேட்ட கதையை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதையில் ஒரு தோட்டக்கலைச் செய்தியும் இருக்கிறது: நாவலில் முற்றக் கனிந்தது தானாக உதிரும், கிளையை உலுக்கிப் பறித்தால் அரைப்பழமும் சேர்ந்து விழும். பறித்த பிறகு வைத்துப் பழுக்கவைக்கும் வித்தை நாவலிடம் செல்லாது. மண் ஒட்டாமல், நன்கு கறுத்து, காம்புப் பக்கம் சிவப்புத் தெரியாமல் இருக்கிற பழத்தைப் பொறுக்கி எடுங்கள். அரைக்காயாக இருப்பது தொண்டையைப் பிடிக்கும்.

இனிச் சத்துக்கு வருகிறேன். 100 கிராம் சதையில் ஏறக்குறைய 60 கிலோ கலோரி, 14 முதல் 16 கிராம் வரை மாவுச்சத்து, மீதி பெரும்பாலும் தண்ணீர். மாம்பழத்திலும் 100 கிராமுக்கு 15 கிராம்தான் மாவுச்சத்து. சொன்னால் பலர் நம்புவதில்லை. "நாவல் சர்க்கரையைக் குறைக்கும், மாம்பழம் ஏற்றும்" என்று நாம் பேசிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் அளவு. ஒரு பங்கனபள்ளியை அறுத்தால் கால் கிலோ சதை உள்ளே போய்விடுகிறது. நாவலில் அவ்வளவு சதை சேர்க்க ஒரு குவியல் பழத்தை மென்று துப்ப வேண்டும். அதற்குள் நாக்கு மரத்துவிடும். நாவல் தன்னை அளவோடு சாப்பிட வைக்கிற பழம், அதுவே அதன் பெரிய குணம். ஆகவே அம்மா தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் மருந்தாக அல்ல, பழமாக. ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி போதும். அன்றைக்கு வேறு பழம் வேண்டாம். சாப்பாட்டோடு சேர்க்காமல் காலைக்கும் மதியத்துக்கும் இடையிலோ மாலையிலோ சாப்பிடட்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடுவதற்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வையுங்கள். அவருடைய உடம்பு சொல்வது, நான் சொல்வதைவிட நம்பகமானது.

நாவல் இரும்புச்சத்து நிறைந்தது, ரத்தம் ஊறும் என்றும் எழுதியிருந்தீர்கள். கருநீலமாக இருப்பதெல்லாம் இரும்பு என்ற நம்பிக்கை நம் ஊரில் வெகு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அளந்து பார்த்தால் 100 கிராமில் ஒன்றரை மில்லிகிராம்கூடத் தேறாது. கம்பில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. போதாததற்கு, நாவலின் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்னும் பொருள் தாவர உணவிலிருந்து கிடைக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். உங்கள் வீட்டில் யாராவது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், காபி, தேநீரைத் தள்ளி வைப்பதுபோல நாவலையும் அந்த நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள். வைட்டமின் சியும் 100 கிராமுக்கு 20 மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். அதற்காகத்தான் என்றால் 200 மில்லிகிராமுக்கு மேல் தரும் கொய்யா தள்ளுவண்டியில் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது.

அப்படியானால் நாவலில் என்னதான் விசேஷம்? தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் இருக்கும் ஆந்தோசயனின் என்ற ஊதா நிறமியும், மேலே சொன்ன டானின் வகைகளும்தான். ஆய்வகத்தில் இவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன என்பது உறுதி. மனிதர் தின்ற பிறகு இவற்றில் சிறு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது என்பதும் தெரிந்ததே. ஆகவே "புற்றுநோயைத் தடுக்கும், இதயத்தைக் காக்கும்" என்ற வரிகளைப் பார்த்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். பல நிறப் பழங்களையும் காய்களையும் மாற்றி மாற்றிச் சாப்பிடுவது நல்லது என்பது வரைதான் நான் ஒப்புக்கொள்வேன். வயிற்றுப்போக்குக்கு நாவல் கொடுக்கும் வழக்கத்தில் மட்டும் பொருள் இருக்கிறது. டானின் குடலின் உட்புறப் புரதங்களோடு ஒட்டிச் சுருக்குவதால் லேசான போக்குக்குச் சற்று ஆறுதல் கிடைக்கும். அதே காரணத்தால் மலச்சிக்கல் உள்ளவர்கள் அதிகம் தின்றால் அவதி கூடும். வெறும் வயிற்றில் தின்றால் சிலருக்கு நெஞ்சைக் கரிக்கும். நாவல் தின்ற பின் பால் குடித்தால் விஷமாகிவிடும் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. புளிப்புப் பட்டால் பால் திரியும், அவ்வளவுதான். வயிற்றில் அது எப்படியும் திரிந்தாக வேண்டும்.

இனிக் கொட்டை. இதில் பெரியவரை நான் முழுக்க மறுக்கப் போவதில்லை. நாவல் கொட்டையைச் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் பழையது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய மருத்துவர்களும் இந்தக் கொட்டையை எடுத்துச் சோதித்தார்கள். 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அங்கே அது பேச்சிலிருந்து மறைந்தது. சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீரிலும் நாவல் உண்டு. ஆனால் அங்கே அது ஆவாரை, கொன்றை, மருதம்பட்டை போன்ற பல சரக்குகளோடு ஒன்றாகச் சேருகிறது. நோயாளியைப் பார்த்து, நாடி பிடித்து, உணவையும் கட்டுப்படுத்திக் கொடுப்பது அந்த மருத்துவர்களின் முறை. மிக்சியில் அரைத்து டப்பாவில் போட்டுக் காலையில் ஒரு கரண்டி முழுங்குவது எந்த மருத்துவ முறையிலும் சேராது.

அறிவியல் சொல்வது இது. அலாக்சான் போன்ற ரசாயனத்தைக் கொடுத்துக் கணையத்தைக் கெடுத்த எலிகளுக்குக் கொட்டைச் சாற்றைக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை குறைந்ததாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. எலிக்குக் கொடுத்த அளவை மனித எடைக்குக் கணக்குப் பார்த்தால் பல வேளைகளில் பொடியைச் சோறு மாதிரி சாப்பிட வேண்டியிருக்கும். மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை, சில வாரங்களோ மாதங்களோ மட்டும் நீண்டவை. சிலவற்றில் சர்க்கரை ஓரளவு குறைந்திருக்கிறது. பிரேசிலில் நாவல் இலைத் தேநீரை நோயாளிகளுக்குக் கொடுத்து, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான மாத்திரையைக் கொடுத்து, யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் சொல்லாமல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2004இல் வெளியானது: மாத்திரை வேலை செய்தது, தேநீர் செய்யவில்லை. அது இலை, கொட்டை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மொத்தத்தில் கொட்டையில் ஏதோ இருக்கலாம். ஆனால் எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என்று எவரும் வரையறுத்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை ஒரு மாத்திரை குறைப்பதுபோல இந்தப் பொடி குறைக்கும் என்று நம்பி மாத்திரையை எறிவது, தெரிந்ததை விட்டுத் தெரியாததைப் பிடிப்பது.

ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. பொடி வேலை செய்யாவிட்டால், மாத்திரையும் இல்லாமல் சர்க்கரை சத்தமின்றி ஏறும். கண்ணும் சிறுநீரகமும் பாதமும் அதற்கு விலை கொடுக்கும். பொடி நிஜமாகவே வேலை செய்தால், கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோடு சேர்ந்து சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி இவை வந்தால் உடனே அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், நினைவோடு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கடைப் பொடி விஷயத்தில் எனக்குக் கூடுதல் கவலை உண்டு. மூலிகை என்று விற்கப்பட்ட பொடிகளில் சர்க்கரை மாத்திரையையே கலந்திருந்தது பல நாடுகளில் ஆய்வகச் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. "ஒரே வாரத்தில் இறங்கியது" என்று யாராவது வியந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். வீட்டில் செய்தாலும் ஆடி மாதத்துத் தூறலில் கொட்டை சரியாகக் காயாமல் பூசணம் பிடிக்கும். பூசண நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது. இவ்வளவுக்குப் பிறகும் அம்மாவுக்கு அந்தப் பொடியில்தான் மனம் நிற்கிறது என்றால், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையைத் தொடர்ந்தபடி, சர்க்கரையை அளந்து எழுதிக்கொண்டு சாப்பிடட்டும். திட்டினால் மறைத்துச் சாப்பிடுவார்கள். அதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, மூன்று படி பழம் சமையலறையில் காத்திருக்கிறது. வெளியே வைத்தால் ஓரிரு நாள்கூடத் தாங்காது, தோல் அவ்வளவு மெல்லியது. முதலில் நசுங்கியதை ஒதுக்கிவிட்டு, உப்புப் போட்ட தண்ணீரில் மளமளவென்று அலசி எடுங்கள். ஊறவைத்தால் நிறம் தண்ணீரோடு போய்விடும். பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, மண் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். இரும்புச் சட்டியில் போட்டால் டானினும் இரும்பும் சேர்ந்து மை மாதிரி கறுக்கும். அலுமினியத்தையும் ஈயம் பூசாத பித்தளையையும் புளிப்பு அரிக்கும்.

நாவலை உண்பதற்கு இன்றும் நான் முதலிடம் தருவது உப்புக் குலுக்கலுக்குத்தான். கல் உப்பைப் பொடித்து, விரும்பினால் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் சேர்த்து, மூடியுள்ள தூக்குச்சட்டியில் பழத்தோடு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். தோல் கீறிச் சாறு இறங்கும், பத்து நிமிடத்தில் துவர்ப்பு அடங்கித் தித்திப்பு முன்னே வரும். உப்பு கசப்பையும் துவர்ப்பையும் நாக்குக்கு மட்டுப்படுத்திக் காட்டுகிறது. சர்க்கரை போடாமலே பழம் இனிப்பது நீரிழிவுக்காரருக்கு வரம். அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் உப்பு ஒரு சிட்டிகையோடு நிற்கட்டும். கம்மங்கூழுக்கு மோர்மிளகாய் வைப்பதுபோல இந்தப் பழத்தை வைத்துக்கொண்டு குடித்துப் பாருங்கள்.

சதை எடுக்க மிக்சி வேண்டாம். கொட்டை உடைந்தால் கசப்பு இறங்கும். கையால் பிசைந்து, அடுப்பைச் சிறிதாக வைத்து ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். தோலின் நிறம் முழுக்கச் சாற்றில் இறங்கிவிடும். பெரிய கண் சல்லடையில் தேய்த்து வடித்தால் கொட்டை தனியே நிற்கும். இந்த விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு வைத்தால் சில மாதம் வரும். சீசன் முடிந்த பிறகும் வேண்டும்போது ஒன்றிரண்டு எடுக்கலாம்.

விழுதைப் புளிக்குப் பதிலாகக் கையாளுங்கள். ரசத்தில் பாதிப் புளி, பாதி நாவல் விழுது என்று பிரித்து, விழுதைக் கடைசியில், நுரை கட்டும் நேரத்தில் சேர்த்தால் புளிப்பும் துவர்ப்பும் மிளகோடு நன்றாகப் பொருந்தும். மஞ்சள் தூளோடு சேர்ந்து நிறம் மட்டும் செம்மண் தண்ணீர்போல ஆகும். பந்தியில் பரிமாறும் அழகு கிடையாது. அழகு வேண்டுமென்றால் தயிர்ப் பச்சடி: கெட்டித் தயிரில் இரண்டு கரண்டி விழுது, உப்பு, நறுக்கிய பச்சைமிளகாய், கடுகும் கறிவேப்பிலையும் தாளிப்பு. இளம் ஊதாவில் வரும், பிள்ளைகள் நிறத்துக்காகவே சாப்பிடுவார்கள். துவையலுக்கு வரமிளகாயையும் பூண்டையும் நல்லெண்ணெயில் வதக்கி அரைத்து, விழுதைச் சேர்த்துச் சுருள வதக்கி இறக்குங்கள். மற்றவர்களுக்கு ஒரு துண்டு வெல்லம் போடலாம், அம்மாவின் பங்கை அதற்கு முன் எடுத்துவிடுங்கள். மதுரைக்காரராகக் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: மட்டன் சுக்காவுக்குத் தொட்டுக்கொள்ள இந்தத் துவையல் வெங்காயத்தையும் எலுமிச்சையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஜாமும் ஸ்குவாஷும் செய்ய ஆசை என்றால் தடையில்லை, ஆனால் அம்மா பக்கம் அந்தப் பாட்டில் போகக் கூடாது. பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை கொட்டிய பிறகு அதில் நாவலின் நன்மையைத் தேடுவது வீண். ஸ்குவாஷில் கால் பங்காவது பழச்சாறு இருக்க வேண்டும் என்பது தயாரிப்பு விதி. பாதுகாப்புக்கு நாவல் போன்ற நிறப் பழங்களில் சோடியம் பென்சோவேட்தான் போட வேண்டும், லிட்டருக்கு 0.6 கிராமுக்கு மேல் போகாமல். எலுமிச்சைக்குப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைப் போட்டால் கந்தக வாயு ஊதா நிறத்தை வெளிறடித்துவிடும். கடையில் "சர்க்கரை நோயாளிகளுக்கு" என்று விற்கும் நாவல் வினிகரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை வினிகர் சிறிதளவு தணிக்கிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. ஆனால் அது எந்த வினிகருக்கும் பொதுவான அசிட்டிக் அமிலத்தின் வேலை. நாவல் பெயருக்காக மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டாம். வாங்கினாலும் தண்ணீரில் கலக்காமல் குடித்தால் பல் எனாமல் தேயும்.

கைக்குழந்தை வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கொட்டையோடு முழுப் பழத்தைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும் அளவும் வடிவமும் அதற்குச் சரியாக இருக்கிறது.

கடைசிக் கேள்வி, நடுவது. நாவல் கொட்டையைக் காயவைத்துச் சேமித்தால் முளைப்புத்திறன் இரண்டு வாரத்தில் ஏறக்குறையப் போய்விடும். சதையைக் கழுவி, அடுத்த ஓரிரு நாளிலேயே மண் கலந்த பையில் ஊன்றிவிடுங்கள். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்று வரும், வலுவானதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள். விதைக்கன்று காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் நாற்றங்காலில் ஒட்டுக்கன்று கேளுங்கள், இரண்டு மூன்று ஆண்டுகள் மிச்சமாகும். எதை நட்டாலும் பெரிய மரமாகும், வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள். துணி காயப்போடும் கொடி அந்தப் பக்கம் வேண்டாம். வெள்ளை வேட்டியில் பட்ட நாவல் கறை எந்தச் சோப்புக்கும் எளிதில் மசியாது.